பூட்டிய வீட்டுக்குப் போன கரண்ட்

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், மேட்டில் இருந்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் நாங்கள் குடிவந்து ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழையும் தொடங்கிவிட்டது. அத்தனை நாளில் அந்த வீட்டிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால் எங்களைப் பார்த்த பின்பக்க ஜன்னலில் மஞ்சளாக ஒரு விளக்கு மட்டும் எரியும். விளக்கு ஏற்றக் கை இருக்கிறது, பக்கத்தில் யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்க வாய் இல்லையா என்று நான் அடுக்களையில் நின்றபடி திட்டுவேன்.

பொங்கலன்று மனசு கேட்காமல் ஒரு தூக்குப் போணியில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப்போய் அந்த வீட்டின் பின்வாசல் படியில் வைத்து, கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் வீட்டுப் படியில் அதே போணி, பளிச்சென்று விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. தின்னத் தெரிகிறது, நல்லாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று அதற்கும் கோபம்.

வரிசையில் எங்களுக்கு அடுத்த வீடு ஒரு துணிக்கடைக்காரருடையது. ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவேன். எனக்குப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாதவர். ஆனால் பின்வீட்டுக்காரர்களைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும், "விடும்மா, அவுங்கவுங்க பாடு" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. முந்தைய வருஷம் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. இளம்பிள்ளை வாதம். வலது கால் கொஞ்சம் தேறியது. இடது கால் துணியைப் போலக் கிடந்தது. நாள் முழுக்க ஜன்னலோரப் பாயில் உட்கார்ந்திருப்பாள். இருட்டும் நேரத்தில் பின்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள்.

"யாருக்குட்டி கையாட்டுதே?"

"மாமாவுக்கு."

போகட்டும், இவளுக்காவது முகம் காட்டுகிறார்களே என்று இருந்துவிட்டேன்.

டாக்டர் ஒரே ஒரு வழிதான் சொன்னார். இடுப்பளவு வெந்நீரில் பிள்ளையை உட்காரவைத்து, தண்ணீருக்குள் காலை அசைத்து அசைத்துப் பழக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டும். விட்டுவிட்டுச் செய்தால் பயனில்லை. "தசை ஒருதரம் இறுகிப்போனா அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இந்த மழைக்காலத்துக்குள் அந்தக் கால் ஒரு அசைவு காட்டியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து அது என் கணக்கும் ஆயிற்று. வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

அந்தமானில் மழை தொடங்கினால் விறகு என்று ஒன்று கிடையாது, புகை மட்டும்தான். மண்ணெண்ணெய் கப்பல் வந்தால் உண்டு. தொட்டி நிறைய வெந்நீருக்கு எங்கே போவது? என் தம்பி மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஹீட்டர் கம்பியைக் கப்பலில் அனுப்பிவைத்தான். தண்ணீருக்குள் விட்டு ஸ்விட்சைப் போட்டால் கொதிக்கவைக்கும் கம்பி. தொட்டியை என் வீட்டுக்காரர், டோங்கிப் படகு செய்கிற ஓர் ஆளைப் பிடித்து, படாக் மரப் பலகையில் செய்வித்தார். அந்த ஆளுக்குப் படகைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாது. ஆகவே தொட்டியும் சின்னப் படகாகவே வந்து சேர்ந்தது. இடுக்குகளில் பஞ்சும் பிசினும் அடைத்து, ஒரு சொட்டு ஒழுகாமல் இருந்தது. கடலில் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்கச் செய்வதை, தண்ணீர் வெளியே போகாமல் இருக்கச் செய்திருந்தார், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குத் தீவுகளுக்குள் ஓடுகிற கப்பலில் வேலை. ஹட் பே, நிக்கோபார் என்று பாதி மாதம் தண்ணீரில்தான் இருப்பார். கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். "ஏட்டி, அவசரப்பட்டு கம்பியச் சொருகிராத. இது மர வீடு. விரலுக்குத் தக்கனதான் வீக்கம். வீடு எம்புட்டுத் தாங்கும்னு லைன்மேன் வந்து பாக்கட்டும்."

லைன்மேன் ஒரு மத்தியானம் வந்தார். தெலுங்குக்காரர். தீவில் பிறந்தவர் என்பதால் எல்லா மொழியையும் ஒரே வாயில் பேசுவார்; என்னை இந்தியில் பாபி, அதாவது அண்ணி, என்பார். பகலில் கரண்ட் வரும், போகும், அன்று இருந்தது. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது.

மெயின் ஸ்விட்சைத் திறந்து பீங்கான் ஃபியூஸைப் பார்த்தார். வயரை முகர்ந்து பார்த்தார். "பாபி, இது லைட்டுக்குப் போட்ட வயர். ஹீட்டர் தாங்காது. புதுசா மோட்டா வயர், தடிச்சது, போடணும்." பிறகு மெயினைக் கீழே இறக்கினார். "சப் பந்த், எல்லாம் நிறுத்தியாச்சு. இப்போ மீட்டர் நிக்கணும், பாரு."

மீட்டருக்குள் ஒரு தகட்டுச் சக்கரம் இருக்கும். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. நான் பார்த்தேன். கோடு நிற்கவில்லை. நிதானமாக நகர்ந்து, பின்பக்கம் மறைந்து, மறுபடியும் வந்தது. வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. ரேடியோ இல்லை, ஃபேன் இல்லை. மழைச் சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோடு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒருவர் வீட்டுக்குள் நடமாடுவதைப் போல இருந்தது எனக்கு.

"பூத் கா லைன்" என்று லைன்மேன் சிரித்தார். பேயின் லைனாம். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தரையிலிருந்து ஓர் ஆள் குனிந்து போகிற உயரத்தில் மரக்கால்கள்மேல் நிற்கிற வீடு அது. லைன்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனார். நானும் குனிந்து பார்த்தேன். மீட்டரை விட்டு வெளியே வந்ததுமே, மெயினுக்கு முன்னாலேயே, ஒரு பழைய வயர் பிரிந்து கீழே இறங்கியிருந்தது. மரக்கால் மரக்காலாகப் போய், குரோட்டன்ஸ் செடிக்குள் நுழைந்து, மூங்கில் குழாய்க்குள் புகுந்து மேட்டில் ஏறியது. அது போன இடத்தைப் பார்க்க நான் நிமிர வேண்டியிருந்தது. பின்வீட்டு ஜன்னல். பட்டப்பகலில், மழை இருட்டில், அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"திருட்டுப் பயபுள்ளைய" என்றேன். "பொங்கலையும் தின்னுபுட்டு, கரண்டையும் தின்னுதானுவ."

லைன்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாபி, அங்கே யார் இருக்கு? அது பூட்டின வீடு. நான் லைனுக்கு வந்த நாள்ல இருந்து பூட்டித்தான் இருக்கு."

அப்படியானால் போணியை விளக்கிக் கவிழ்த்தது யார்? என் மகள் கையாட்டியது யாருக்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெளிச்சமாக இருப்பதைப் பார்த்து அரண்டால் அதற்கு என்ன பழமொழி?

அங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு என்று லைன்மேன்தான் விளக்கினார். மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறவர்கள் திரும்பி வர மாதக்கணக்காகும். மர வீடு என்பதால் தங்கள் மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். வீட்டை இருட்டாகப் போட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. ஆகவே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, உள்ளே ஒரே ஒரு பல்பை எரியவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் வயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பலகாரமும் கொடுப்பார்கள். "இவங்க வாபஸ் வரலை. வயர் மட்டும் இருந்துபோச்சு" என்றார்.

பிறகு அந்த வயரை ஒட்டியிருந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். வயர் பிரிகிற இடத்தில் மேல்துணி கருகி, பக்கத்துப் பலகையும் கறுத்திருந்தது. "ஒரு பல்புக்கே இப்படி. இது இருக்கிறப்போ ஹீட்டர் போட்டா வீடு எரியும்."

"வெட்டுங்க" என்றேன். என் பிள்ளையின் காலுக்கு முன்னால், போனவன் வருகிறவன் விளக்கெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? அவர் வெட்டினார். சிவப்புக் கோடு நின்றது. என் நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டது.

மெயின்லேண்டின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மெயின்லேண்டுக்கு வெகுமுன்பே இருட்டிவிடுகிற ஊர் அது. ஐந்து மணிக்கு விளக்கு வைக்க வேண்டும். அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்தில் பின்வீட்டு ஜன்னல் கறுப்பாக இருந்தது. எத்தனையோ நாள் திட்டிய ஜன்னல்தான், ஆனாலும் அப்படிப் பார்க்க என்னவோ செய்தது. மகள் பாயில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் உலை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் கையாட்டினாள்.

ஜன்னலில் விளக்கு எரிந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் சுபாவம். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த வீட்டின் முன்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். வாசலில் ஆள் உயரத்துக்குப் புதர். கதவில் துருப்பிடித்த பூட்டு. கொடி ஒன்று பூட்டின் வளையத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து இலை விட்டிருந்தது. அந்தக் கதவை யாரும் திறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாக வெளியே வந்து என் காலில் விழுந்தது.

வீட்டுக்கு அடியில் எதுவோ நகர்ந்தது. உரசுகிற சத்தம், பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். இருட்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்தது, தலையெல்லாம் ஒட்டடையும் கையில் வெற்றிலைக் கத்தியுமாக, எங்கள் லாத்தா.

"யா அல்லா, நீயா" என்று அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா லாத்தா? உசுரே போச்சு. இங்கன என்ன செய்யுதீய?"

"என்ன செய்ய? நீ வெட்டிப் போட்டே. நான் எங்க வீட்டுலேர்ந்து லைன் குடுத்தேன். பின்னே வெளக்கு தானா எரியுமா?"

படியில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டேன். அது அவருடைய தம்பி வீடு. கடைச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகில் ஹட் பேவுக்குப் போனவன் போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. பலகைகூட ஒதுங்கவில்லை. அவன் மனைவி வருஷம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினாள். அவளும் திரும்பவில்லை. அப்போது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் கொடுத்த வயர்தான் அது. விளக்கு எரிகிறவரைக்கும் அந்த வீட்டுக்காரன் ஊருக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். வரிசையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்த எனக்கும் அதனால்தான் சொல்லவில்லை.

"அப்போ என் பொங்கல்?"

"நான்தான் எடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நெய் கம்மி."

சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது. "சாவி ஒங்ககிட்ட இல்ல. உள்ள பல்பு ஃபியூஸ் போனா எப்பிடி மாத்துவீய?"

லாத்தா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் போனதே இல்லம்மா."

பிற்பாடு லைன்மேனிடம் கேட்டேன். தூரத்திலிருந்து போகிற குறைந்த வோல்டேஜில் பல்பு மங்கலாக எரியும், மங்கலாக எரிகிற பல்பு சீக்கிரம் சாகாது என்றார். பாதி நம்பினேன். மகளிடம் அந்த மாமாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

புது வயர் கம்பத்திலிருந்து நேராகக் குளியலறைக்கு வந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கம்பியைப் போட்டு, சூடானதும் ஸ்விட்சை அணைத்துக் கம்பியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்க வேண்டும். இதை லைன்மேன் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டு வயர் தாங்கியது. வரிசைக்கு வருகிற லைன் தாங்கவில்லை. முதல்நாள் ஸ்விட்சைப் போட்டதும் எல்லா வீட்டுப் பல்பும் சிவந்த நூலாகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. எல்லா வீட்டிலும் பத்தியை, அதாவது விளக்கை, அணைத்தால்தான் உண்டு என்றார் லைன்மேன். யார் அணைப்பார்கள்? பெங்காலி வீடு, மலையாளி வீடு, பர்மாவிலிருந்து வந்தவர்கள் வீடு. யாரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

லாத்தாதான் போனார். வீடு வீடாக ஏறித் தன் ஓட்டை இந்தியில் பேசினார். "பச்சி கா பைர் ஹை. தோடா டைம் பத்தி பந்த் கரோ." குழந்தையின் கால், கொஞ்ச நேரம் விளக்கை அணையுங்கள் என்று. அதற்கப்புறம் தினமும் இருட்டு விழுந்ததும் நான் ஒரு தட்டைத் தட்டுவேன். வரிசையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். பேச்சும் அடங்கிவிடும். மேடு முழுக்க ஆளே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆள் இருக்கிற வீடெல்லாம் இருட்டில் இருக்க, ஆள் இல்லாத வீட்டில் மட்டும் விளக்கு எரியும். அந்த வெளிச்சம் குளியலறை ஜன்னல் வழியாக வந்து தொட்டித் தண்ணீரில் விழும். அதில்தான் என் மகளின் கால் கிடந்தது. நான் அசைத்தால் அசைந்தது. விட்டால் நின்றது.

நாட்கள் போயின. கால் அப்படியே இருந்தது. மழை முற்றியது. டீசல் கப்பல் வர நாளாகி, கரண்ட் இன்னும் மெலிந்தது. எவ்வளவு நேரம் கம்பியைப் போட்டாலும் தண்ணீருக்குச் சூடு பிடிக்கவில்லை. டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவினார். அதை லாத்தாவிடம் சொல்லி அழுதேன். அவர் எழுந்து போனார்.

அன்றும் தட்டைத் தட்டினேன். விளக்குகள் அணைந்தன. கம்பியைப் போட்டுக் காத்திருந்து, எடுத்து வைத்துவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். முந்தின நாளைப் போலத்தான் இருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மகளை உள்ளே இறக்கினேன். அப்போது தண்ணீரில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

நிமிர்ந்தேன். ஜன்னல் தெரியவில்லை. வீடே தெரியவில்லை. அந்த மேட்டில் அத்தனை இருட்டை நான் பார்த்ததில்லை. என் கையில் இருந்த பிள்ளையின் முகம்கூடத் தெரியவில்லை. தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா வெளக்க அணைச்சிட்டாங்க" என்றாள் மகள். பயமே இல்லாமல்.

"ஆமா ராசாத்தி." வாசலில் லாத்தாவின் குரல். எப்போது வந்தார் என்று தெரியாது. "நான்தான் அணைக்கச் சொன்னேன்." பிறகு என்னிடம், "இப்பச் சூடு ஏறிருச்சா?" என்றார்.

கம்பியை எடுத்து வைத்தாயிற்று; எடுக்காவிட்டாலும், ஒரு பல்பு தின்கிற கரண்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சுடாது. எனக்கு அது தெரியும். வெற்றிலைக் கத்தியால் வயர் ஒட்டத் தெரிந்த லாத்தாவுக்கும் தெரியாமல் இருக்காது.

"ஏறிருச்சு லாத்தா. நல்லா ஏறிருச்சு."

அவர் தடவிக்கொண்டே வந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தண்ணீருக்குள் கைவிட்டு மகளின் இடது பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார் என்பது சலசலப்பிலிருந்து தெரிந்தது. "தள்ளு பாப்பம். என் கையத் தள்ளு. போ போன்னு தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் குரல் பிள்ளையிடம்தான் பேசுகிறதா என்று எனக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

திடீரென்று சத்தம் நின்றது.

"தள்ளுறாம்மா" என்றார். "தள்ளுறா! இந்தா, மறுபடியும் தள்ளுறா!"

நான் தண்ணீருக்குள் கையைவிட்டு அவர் கையைத் தேடிப் பிடித்தேன். அந்தச் சின்னப் பாதம் எங்கள் இருவர் கையையும் சேர்த்து உந்தியது. கொஞ்சம்தான். உந்திவிட்டு நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். மகள் சிரித்தாள். லாத்தாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மெல்ல அடங்கினார்.

வரிசையில் யார் வீட்டிலோ பொறுக்காமல் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில், பிள்ளையின் காலை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்த லாத்தாவைப் பார்த்தேன்.

"என் தம்பி மவுத்தாயிட்டாம்மா" என்றார். மவுத்து, சாவு. யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத சொல். பிறகு சாதாரணக் குரலில் கேட்டார்: "நாளைக்கு அவனுக்குப் பாத்திஹா ஓதணும். கடையில சீனி இல்ல. உங்கிட்ட கொஞ்சம் இருக்கா?"